பார்ப்போம் வீட்டுச் சுவர்

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் ஆளுக்குப் ‘பார்ப்போம்’ என்று பேர் வைத்தவர் அவனுடைய முதலாளி. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சம்பளத்தன்று மட்டும் வெளியே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் பார்ப்போம்தான். டீயா, காபியா என்று கேட்டால் பார்ப்போம். லீவு வேண்டுமா என்று கேட்டால் பார்ப்போம். பல்வலி உயிரை வாங்குகிறதே, டாக்டரிடம் போனால் என்ன என்று கேட்டால், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பார்ப்போம். கடைசியில் பல் தானாகவே விழுந்தது. “பாத்தீங்களா?” என்று அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாகச் சொன்னான்.

அடுத்தவர்கள் முடிவு என்று வந்துவிட்டால் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் புறப்பட்டு வரும் குடும்பங்களை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். கணவன் நீலம் என்பார், மனைவி இளம்பச்சை என்பார், கூட வந்த நாத்தனார் இரண்டும் வேண்டாம் என்பார். மூன்று பேரும் மூன்று பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கவுண்டர் முன்னால் நிற்பார்கள். பார்ப்போம் அவசரப்பட மாட்டான். அந்த அறையில் வெயில் எந்தப் பக்கம் வரும், அதில் அதிக நேரம் உட்காருவது யார், கட்டாயம் வேண்டாம் என்கிற நிறம் எது என்று கேட்பான். பிறகு இரண்டு சின்ன டப்பாக்களில் நிறம் கலந்து கொடுப்பான்.

“ரெண்டையும் செவுத்துல ஒரு சாண் சதுரமா பூசுங்க. காலைல ஒரு தடவ பாருங்க, சாயங்காலம் லைட்டப் போட்டு ஒரு தடவ பாருங்க. எது கண்ண உறுத்தலயோ அதுதான் உங்க கலரு.”

இரண்டொரு நாளில் மூன்று பேரும் ஒரே வாயாகத் திரும்பி வருவார்கள். நாத்தனார்கூட சிரித்துக்கொண்டு வருவார்.

சரி, இத்தனை பேருக்கு வழி காட்டியவன் தன் வீட்டில் என்ன செய்தான்? அதே சதுரத்தைப் போட்டான். வாடகை வீடுதான். கூடத்துச் சுவர் காரை உதிர்ந்து பல்லிளித்ததால், வீட்டுக்காரர் ‘நீயே ஏதாவது நிறம் பூசிக்கொள்’ என்று சொல்லிவிட்டார். பார்ப்போம் ஒரு சதுரம் எலுமிச்சை மஞ்சள் பூசிக் காலையில் பார்த்தான், சாயங்காலம் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு வெளிர் நீலத்தையும் பூசிப் பார்த்தால் என்ன? பார்த்தான். அதுவும் நன்றாக இருந்தது. இப்படியே வருடங்கள் போய், கூடத்துச் சுவர் முழுக்கச் சதுரங்கள் நின்றன. அக்கா அவனுக்குப் பெண் பார்த்து அலைந்த வருடத்துச் சதுரம் ஒன்று. சொந்தமாகக் கடை வைக்கலாமா என்று யோசித்த வருடத்துச் சதுரம் ஒன்று. பெண்ணும் வரவில்லை, கடையும் வரவில்லை, சதுரங்கள் மட்டும் வந்தன. அக்கா எப்போதாவது வந்து பார்த்துவிட்டு, “இது வீடா, தையல்கடையில ஒட்டுப்போட்ட துணியா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கடையின் பின்கட்டில் ஓர் இரும்பு ரேக் இருந்தது. பூசிப் பார்த்துப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த டப்பாக்களை அதில் அடுக்குவார்கள். வெள்ளையில் சாயம் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் விழுந்ததுதான். எடுக்க முடியாது. அந்த ரேக்குக்கு அநாதை ரேக் என்று பேர். பார்ப்போம் அந்த டப்பாக்களைத் தூசி தட்டித் துடைத்து வைப்பான். என்றைக்காவது வாசல் கேட்டுக்கோ கடை ஷட்டருக்கோ என்று யாராவது வந்து ஒன்றை எடுத்துப்போனால், பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி நாளெல்லாம் சந்தோஷமாக இருப்பான். ஆளே அப்படி. யாரையும் எதையும் ‘நீ வேண்டாம்’ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அவனுடைய பார்ப்போம் முழுவதும் அதிலிருந்துதான் வந்தது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டியிருக்கிறதே என்ற பயம்.

இந்த ஆளிடம்தான் ஒருநாள் வேன் அக்கா வந்தாள்.

கடைக்கு அடுத்த கட்டடம் குழந்தைகள் பள்ளிக்கூடம். அதற்கு வேன் ஓட்டுகிறவள் அவள். குழந்தைகள் எல்லாம் வேன் அக்கா என்று கூப்பிட, பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டு, அதுவே பேராகிவிட்டது. ஒருவனைக் கட்டிக்கொள்ள முடிவெடுத்தாள், கட்டிக்கொண்டாள். அவனோடு காலம் தள்ள முடியாது என்று தெரிந்ததும் பிரிய முடிவெடுத்தாள், முறைப்படி பிரிந்தாள். கையில் ஒரு பெண்குழந்தை. அடுத்த மாதமே லைசென்ஸ் எடுத்து வேனில் ஏறினாள். வேன் பக்கவாட்டில் பட்டை அடிக்க மஞ்சள் வேண்டும் என்று கடைக்கு வந்தாள். பார்ப்போம் ஷேடு கார்டை விரித்து, மஞ்சளில் எத்தனை வகை என்று ஆரம்பித்தான்.

“அது,” என்று விரலை வைத்தாள்.

“இதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு...”

“அதுதாங்க.”

பார்ப்போமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் வாழ்நாளில் இப்படி ஒரு மனுஷியைப் பார்த்ததில்லை. மெஷினில் டப்பாவை வைத்துக் குலுக்கும்போது அவன் நெஞ்சும் சேர்ந்து குலுங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

காலையில் குழந்தைகளை இறக்கிவிட்ட பிறகு மத்தியானம்வரை வேனைக் கடைவாசல் நிழலில் நிறுத்துவாள். முதலாளி டீ வாங்கி வரச் சொன்னால் பார்ப்போம் கூடவே ஒன்று சேர்த்து வாங்குவான். பேச்சு வளர்ந்தது. அவள் மகள் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. படிக்கிறாள். வாய் ஒரு நிமிடம் ஓயாது. அதனால் அவளுக்குச் சில்வண்டு என்று பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் பார்ப்போம் வீட்டுக்கு வந்தார்கள். சில்வண்டு சுவரைப் பார்த்ததும் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு போய், “மாமா, இது பாண்டி விளையாடற செவுரா?” என்றாள். வேன் அக்கா சிரித்த சிரிப்பு அன்றைக்கு முழுக்க அந்தக் கூடத்தில் இருந்தது. பார்ப்போமுக்கு அவளைப் பிடித்திருந்தது. நெஞ்சு நிறையப் பிடித்திருந்தது. சொன்னானா? அதுதான் இல்லை. நாலு வருடமாகப் பார்ப்போம் பார்ப்போம் என்று டீ மட்டும் வாங்கிக் கொடுத்தான்.

அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்துபோய், ஒரு செவ்வாய்க்கிழமை அவளே சொன்னாள். வேனுக்குள்ளே, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி.

“எனக்கு பஸ் டிப்போல வேல கெடச்சிருக்கு.”

“பஸ்ஸா?”

“பெரிய பஸ்ஸு.” சொல்லும்போது சின்ன ஸ்டியரிங்கில் இருந்த அவள் கைகள் இரண்டும் தாமாகவே அகலமாக விரிந்தன. “ஆனா இந்த ஊர்ல இல்ல. ரயில்ல ஒரு பகல் போகணும். குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்க. எத்தன பேருன்னு கேட்டாங்க. ரெண்டு பேருன்னு சொல்லிருக்கேன்.”

பார்ப்போம் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க. உங்களப் பிடிச்சிருக்கு. பாப்பாவுக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு நெனச்சீங்கன்னா சொல்லுங்க. பஸ்ஸ விட்டுடறேன், எனக்கு இந்த வேனே போதும். இல்லன்னா நாங்க கெளம்பறோம்.”

அவன் உதடுகள் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டு அந்த வார்த்தைக்கு ஆயத்தமாயின. அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

“அத மட்டும் சொல்லாதீங்க. சனிக்கெழம காலைல டிப்போவுக்கு போன் பண்ணணும். அதுக்கு முன்னால சொல்லுங்க. சொல்லலன்னா இல்லன்னு எடுத்துக்குவேன். கோவமெல்லாம் பட மாட்டேன். ஆனா உங்க செவுத்துல நானும் ஒரு சதுரமா நிக்க மாட்டேங்க.”

அன்றிலிருந்து பார்ப்போமுக்குச் சோறு இறங்கவில்லை. சரி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவள் பஸ்ஸை விட்டுவிட்டு, பின்னால் அதை நினைத்து வருத்தப்பட்டால்? சில்வண்டு மாமா என்று கூப்பிடும் வரைக்கும் சரி, அப்பா என்று கூப்பிடப் பிடிக்காமல் போனால்? இல்லை என்று சொன்னாலோ, நாளைமறுநாள் கடைவாசல் நிழல் காலியாக இருக்கும். புதன்கிழமை ஒருவருக்குப் பச்சை கேட்டதற்கு ஊதா கலந்து கொடுத்தான். முதலாளி ஊதாவைத் தூக்கி அநாதை ரேக்கில் வைத்தார்.

வியாழக்கிழமை யு.கே.ஜி. டீச்சர் கடைக்கு வந்தார். குழந்தைகளுக்கு மாதம் ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். தபால் எப்படி வருகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாக முடிந்து, இந்த மாதம் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது. முடிவெடுப்பதில் கெட்டிக்காரர் யாரையாவது தெரியுமா என்று வகுப்பில் கேட்டதற்கு, சில்வண்டு எழுந்து நின்று, “எங்க பெயிண்ட் மாமா. எல்லாரும் அவருகிட்டதான் வந்து கேப்பாங்க” என்றிருக்கிறாள்.

முதலாளிக்கு டீ புரையேறியது. “இவனா? முடிவா? நல்ல ஆளப் புடிச்சீங்க டீச்சர்.” சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி போப்பா. புள்ளைங்க செருப்பு வைக்கிற அலமாரி வெளுத்துக் கெடக்கு. ஒரு பெரிய டப்பா வெள்ள எடுத்துட்டுப் போ, என்ன கலர் வேணும்னு அதுங்களையே முடிவு பண்ணச் சொல்லி பூசிக் குடு. என் கணக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பார்ப்போம் டப்பாவோடும், சாயப் பாட்டில்களோடும், கலக்குகிற கட்டையோடும் வகுப்புக்குப் போனான். தரையில் வட்டமாகக் குழந்தைகள். அவனுக்கு ஒரு சின்ன நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. ராத்திரி எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தான். முதலில் நமக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும், என்னென்ன வழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு... முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். கொட்டாவி வட்டம் முழுக்கச் சுற்றி வந்து டீச்சரிடம் முடிந்தது.

பார்ப்போம் பேச்சை மடித்து வைத்தான். “சரி, இன்னிக்குக் காலைல நீங்க யாராவது ஏதாவது முடிவு பண்ணீங்களா?”

“எங்க அம்மாதான் பண்ணாங்க,” என்றான் கொட்டாவிக்காரன்.

“நான் ஷூவ மாத்திப் போட்டுக்கிட்டேன்,” என்று ஒரு குட்டிப்பெண் காலை நீட்டிக் காட்டினாள். இடது காலில் வலது, வலது காலில் இடது. “நானே முடிவு பண்ணேன்.”

“ஏன்மா?”

“ஒரே மாதிரி போட்டுப் போட்டு போர் அடிக்குது.”

இன்னொரு பையன் இன்றைக்கு யாரோடும் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னான். சொன்ன பிறகுதான் பேசிவிட்டது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். பார்ப்போமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

“உங்க செருப்பு அலமாரிக்கு ஒரு கலர் வேணும். என்ன கலர் போடலாம்?”

கேட்டிருக்கக்கூடாது. கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சத்தம். நீலம், சிவப்பு, ரோஸ், சில்வண்டின் மஞ்சள், ஒருத்திக்குத் தங்கம். இதே சத்தம் கடையில் வந்தால் பார்ப்போம் நிதானமாக மூன்று கேள்வி கேட்டிருப்பான். ஆனால் இங்கே எதிரே நிற்பது அத்தனையும் ஆசை ததும்பும் முகம். எந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்பது? மனசு கேட்கவில்லை. அதனால், எந்த பெயிண்ட்காரனும் செய்யாத காரியத்தை அவன் செய்தான். ஒவ்வொரு குழந்தையையும் கூப்பிட்டு, அது கேட்ட சாயத்தை அதன் கையாலேயே டப்பாவில் ஊற்றச் சொன்னான். நீலம் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மஞ்சள் விழுந்தது. சிவப்பு விழுந்தது. கட்டையால் கலக்கக் கலக்கக் கைதட்டல் குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றேவிட்டது.

டப்பா நிறைய ஒரு பழுப்பு. அதற்குப் பேர் சொல்ல ஷேடு கார்டில் இடமில்லை.

“சாணி,” என்றான் பேசாத விரதக்காரன், விரதத்தை முறித்துக்கொண்டு.

டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனால் நீலம் ஊற்றிய பையன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

“என் நீலம் எங்க?”

“உள்ளதான் இருக்குடா கண்ணா.”

“தெரியலயே.”

பார்ப்போமுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. யாருடைய நிறத்தையும் விட்டுவிடக்கூடாது என்றுதான் செய்தான். ஒருவருடையதும் மிஞ்சவில்லை.

சில்வண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமா, ஒரு கலர் மட்டும் எடுத்தா மத்தவங்க அழுவாங்களா?”

“கொஞ்ச நேரம் அழுவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்தக் கலரு பழகிடும்.”

“அப்ப கொஞ்ச நேரந்தான.” அவள் வட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

மறுபடியும் சத்தம் கிளம்பப் பார்த்தது. மாற்றிப்போட்ட ஷூக்காரி எழுந்து, முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பையனைக் காட்டினாள். “இவன் சொல்லட்டும். இவனுக்கு முட்டியில அடிபட்டிருக்கு.”

“நேத்து என் பென்சில எடுத்தான்,” என்றது ஒரு குரல்.

“அது நேத்து. இன்னிக்குப் பாவம்ல.”

எல்லோரும் அந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்கள். பாவம்தான் என்று வகுப்பு முழுவதும் ஒப்புக்கொண்டது. அந்தப் பையன் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே யோசித்து, “ஆரஞ்சு” என்றான். ஆரஞ்சு, ஆரஞ்சு என்று வகுப்பே குதித்தது. நீலப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைவிட உயரமாகக் குதித்தான். பார்ப்போம் மனப்பாடம் செய்த பேச்சுக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, முடிவு எடுத்தாகிவிட்டது.

“பெரியவங்களும் இப்படித்தான் முடிவு எடுப்பாங்களா சார்?” என்று டீச்சர் கேட்டார்.

“எடுத்தா நல்லா இருக்கும் டீச்சர்.” அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடையில் இத்தனை வருடம் நின்று எந்த நிறம், எந்த நிறம் என்றே கேட்டுக்கொண்டிருந்தவன். யாருக்கு முட்டியில் அடி என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லையே.

கிளம்பும் நேரத்தில் கொட்டாவிக்காரன் கையைத் தூக்கினான். “அங்கிள், நீங்க பெருசா என்ன முடிவு எடுத்திருக்கீங்க?”

பார்ப்போம் வாயைத் திறந்தான். நாற்பது தாண்டிய மனிதன், குழந்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சொல்வதற்கு ஒரு முடிவு தேடித் தவித்தான்.

“மாமா இன்னும் எடுக்கல,” என்று சில்வண்டு அவனுக்காகப் பதில் சொன்னாள். “மாமா வீட்டு செவுரு பூரா சதுரம் சதுரமா இருக்கும். எதப் பூசறதுன்னு அவருக்குத் தெரியல.”

“ஏன் அங்கிள்?”

“தப்பாப் போயிடுமோன்னு பயம்.” குழந்தைகளிடம் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

“தப்பாப் போனா மேல வேற பூசலாம்ல?” என்றான் முட்டிப் பையன். “நீங்க பெயிண்ட்காரர்தான?”

அலமாரிக்கு ஆரஞ்சு கடையிலேயே இருந்தது. யாரோ ஒருவர் வாசற்கதவுக்கு வாங்கி, பக்கத்து வீட்டார் கேலி செய்ததால் திருப்பிக் கொடுத்த டப்பா, அநாதை ரேக்கில் ஓரமாக உட்கார்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் பூசி முடித்தான். பூசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு வேன் அக்காவின் கைகள் ஞாபகம் வந்தன. பெரிய பஸ் என்று சொல்லும்போது அந்தச் சின்ன ஸ்டியரிங்கில் அகலமாக விரிந்த கைகள். ரோட்டில் நீளமான பஸ் ஒன்று போனால் பேச்சை நிறுத்திவிட்டு அது கண்ணுக்கு மறையும்வரை பார்ப்பாளே. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் கைகளே சொல்லிவிட்டன. இவன்தான் தன் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரஷ் அந்தரத்தில் நின்றது. ஆரஞ்சு சொட்டி அவன் செருப்பில் விழுந்தது. அதை அவன் துடைக்கவில்லை.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும் முதலாளி பழுப்பு டப்பாவைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “அடப்பாவி. கொண்டுபோய் அநாதை ரேக்குல வை.”

“இல்ல முதலாளி. எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“எங்க கூடத்துக்கு. இன்னிக்கே பூசப்போறேன்.”

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நெசமாவா? சாணிக் கலர்லயா?”

“ஆமா. இன்னொண்ணும் சொல்லணும்.” அதையும் சொன்னான். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நீ போயிட்டா ரேக்குல தூசி தட்ட ஆளில்லையே” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு புது ரோலரை எடுத்து அவன் கையில் திணித்தார்.

நேரே அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். பார்ப்போம் அதையும் நினைத்தான். ஆனால் இத்தனை வருடம் மழுப்பிய வாய். அது இன்றைக்கு எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? முதலில் சுவர், பிறகு வாய் என்று வைத்துக்கொண்டான். உப்புத்தாளை எடுத்துச் சதுரங்களின் ஓரத்தைத் தேய்த்தான். தேய்க்காமல் பூசினால் வரம்பு வரம்பாகத் தெரியும். எலுமிச்சை மஞ்சள் போயிற்று, வெளிர் நீலம் போயிற்று, அக்கா பெண் பார்த்த வருடம் போயிற்று, கடை வைக்க நினைத்த வருடம் போயிற்று. ஒவ்வொன்றும் மறையும்போது கொஞ்சம் வலித்தது. சில்வண்டு சொன்ன மாதிரி கொஞ்ச நேரந்தான். பாதிச் சுவர் தாண்டியதும் விசிலடிக்க ஆரம்பித்தான். விடிந்ததும் எழுந்து இரண்டாவது தடவையும் பூசினான்.

சனிக்கிழமை காலை வேன் அக்கா தன் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் பழுப்புப் பொட்டோடு வந்து நின்றவனைப் பார்த்துக் குழாயை மூடினாள். முகத்தில் சிரிப்பில்லை. கண்ணோரம் கறுத்திருந்தது, அவளும் தூங்கவில்லை.

“போன் பண்ணிட்டீங்களா?” என்றான்.

“இன்னும் இல்ல.”

“ஒண்ணு காட்டணும். வாங்க.”

மூன்று பேரும் வேனில் போனார்கள். முன்சீட்டைச் சில்வண்டு விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் பார்ப்போம் பின்னால் குழந்தைகள் சீட்டில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தான். இரண்டு தெருதான்.

கதவைத் திறந்ததும் முதலில் புதுப் பெயிண்ட் வாசனை வந்தது. வேன் அக்கா ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள். கூடத்துச் சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நிறம். சதுரம் என்று ஒன்றில்லை. நிறம்தான் சகிக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தாள்.

“இத்தன வருஷம் யோசிச்சு, இந்தக் கலரா?”

“எங்க க்ளாஸ் கலரும்மா,” என்றாள் சில்வண்டு பெருமையாக. சுவரில் மூக்கை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். “என் மஞ்சளும் இதுல இருக்கு.”

வேன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் தணிந்தது. “அப்ப... பஸ்ஸு வேண்டாம்னு டிப்போவுக்குச் சொல்லிடட்டுமா?”

“வேணாம்,” என்றான்.

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

“வர்றேன்னு சொல்லுங்க. பஸ்ஸ விடாதீங்க.” அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். “நான் இந்த வீட்டக் காலி பண்றேன். அதுக்குத்தான் செவுத்தப் பூசினேன். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். பெயிண்ட் கடை இல்லாத ஊரு உண்டா? நீங்க பஸ்ஸு ஓட்டுங்க. நான் உங்ககூட வர்றேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாம்.”

வேன் அக்காவுக்கு எதுவும் முடிவெடுக்க ஒரு நொடிக்குமேல் ஆனதில்லை. அன்றைக்கு ஆயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வழிந்தன.

“வீட்டுக்காரர் இந்தக் கலரப் பாத்தாரா?” என்று கேட்டாள், கேட்க வேறொன்றும் கிடைக்காமல்.

“காலைலயே காட்டிட்டேன். அழுக்கு தெரியாத கலருன்னு ரொம்ப சந்தோஷம் அவருக்கு.”

“மாமா,” சில்வண்டு சுவரிலிருந்து மூக்கை எடுத்தாள். மூக்கு நுனியில் பழுப்பு. “அங்க போயும் சதுரம் போடுவீங்களா?”

“நீ கலர் சொல்லு, அதையே பூசிடலாம்.”

“மஞ்சள்,” என்றாள் அவள் உடனே. அம்மா பெண்தானே.

வேன் அக்கா போனை எடுத்து டிப்போவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். வேலைக்கு வருகிறேன் என்று சொன்னாள். நாள் குறித்துக்கொண்டாள். மறுமுனையில் இன்னொரு கேள்வி கேட்டார்கள். தலைமுடியெல்லாம் பெயிண்டோடு உட்கார்ந்திருந்தவனை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள்.

“இல்ல சார், குவார்ட்டர்ஸுக்கு முன்னாடி ரெண்டு பேருன்னு சொல்லியிருந்தேன். மூணு பேருன்னு மாத்திக்கோங்க.”

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

“நிச்சயமாத்தான் சார்,” என்றாள் அவள். “செவுத்த இப்பத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்.”